காரணம் சொல்லத் தேவையில்லை

கடிதத்தில் இரண்டு வரிகள்தான் இருந்தன. ‘கல்விச் செயலாளர் பதவிக்கான தங்கள் வேட்புமனு ஆலோசனை சபையினால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. சங்க யாப்பின் ஏழாம் பிரிவின்படி சபை இதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.’ கீழே சபைத் தலைவர் மீரா முகைதீன் ஹாஜியாரின் கையெழுத்து.

என் மகள் லைலா அதை என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றாள். வேலைக்குப் புறப்படும் உடையில் இருந்தாள். கிரான்பர்னில் ஒரு மருந்துக்கடையில் அவள் பார்மசிஸ்ட்.

“வாசிச்சிட்டீங்களா வாப்பா?”

“ம்.”

“ரெண்டாவது வரி நல்லா இருக்கு. ஆர் எழுதின எண்டு தெரியுமா?”

தெரியும். எட்டு வருடங்களுக்கு முன்பு நான் எழுதியது. ஒரு சொல்கூட மாறவில்லை.

“எனக்கு ரீசன் வேணும்” என்றாள். “வாயால இல்ல. ரைட்டிங்ல. நான் என்ன செஞ்ச எண்டு எழுதித் தரட்டும். தந்தா நான் பேசாம இருப்பன்.”

கார் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கோபத்தில் கதவை அடித்துச் சாத்தும் பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை. அன்றும் கதவு மெதுவாகத்தான் மூடியது.

எங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பாட்டனார் கல்முனையில் பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கும் மரைக்காயராக இருந்தவர். என் வாப்பா இரண்டு கிராமங்களை நிர்வகித்த விதானையாராக இருந்தார். நான் இலங்கைத் தேர்தல் திணைக்களத்தில் இருபத்தாறு வருடம் வேலை செய்து, உதவி ஆணையாளராக ஓய்வு பெற்று, 1986இல் மெல்பேர்னுக்கு வந்தேன். எங்களில் ஒருவருடைய பெயரும் ஒரு கெட்ட பேச்சில் அடிபட்டதில்லை. லைலாவின் திருமணம் முறிந்தபோதுகூட, மாப்பிள்ளை வீட்டாரே வந்து, பிழை தங்கள் பக்கம்தான் என்று நான்கு பேர் முன்னிலையில் சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்ல வைத்தேன்.

அந்த வேலையில் நான் கற்ற ஒழுங்கு ஒன்று உண்டு. வேட்புமனு ஒன்றைத் தள்ளுவதாயின் காரணத்தை எழுதி உரியவரின் கையில் கொடுக்க வேண்டும். கையொப்பம் இல்லை, சத்தியக் கடதாசி இல்லை, நேரம் தவறியது, இப்படி ஏதாவது ஒன்று. மழை வெள்ளத்தில் மாவட்ட அரச அலுவலகமான கச்சேரிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்ற நாளிலும் கதிரையில் ஏறி நின்று காரணம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான்தான் அந்த ஏழாம் பிரிவை எழுதினேன்.

1989இல் தென்கிழக்கு மெல்பேர்னில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் ஐம்பது அறுபது சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தோம். ஒரு ஆரம்பப் பாடசாலை மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஓதலும் தமிழும் சொல்லிக் கொடுப்பது முதல் வேலை. யாப்பு எழுதும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். நான் நூலகத்துக்குப் போய் ஈரான் இஸ்லாமியக் குடியரசின் அரசியல் யாப்பை ஆங்கிலத்தில் எடுத்து வாசித்தேன். குடியரசு என்ற பகுதி தேர்தல்காரனான எனக்குப் பிடித்தது. மார்க்கம் தெரிந்தவர்கள் மேலே இருந்து பார்த்துக்கொள்வார்கள் என்ற பகுதி மரைக்காயரின் பேரனான எனக்குப் பிடித்தது. மக்கள் வாக்களித்து நிருவாகக் குழுவைத் தெரிவு செய்வார்கள். ஆனால் யார் போட்டியிடலாம் என்பதை மூவர் கொண்ட ஆலோசனை சபை முடிவு செய்யும். அச்சொட்டாக அங்கிருந்து எடுத்தேன்.

“அது ஷீயா நாடல்லவா ஜலால்தீன் காக்கா?” என்று ஒருவர் அண்ணன் முறை சொல்லிக் கேட்டார்.

“வாக்குப் பெட்டிக்கு ஷீயா, சுன்னி மத்ஹபு இல்ல” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். யாப்பு ஒருமனதாக நிறைவேறியது. சபையின் முதல் தலைவர் நான். 1995இல் இருதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு, தலைமையை மீரா முகைதீன் ஹாஜியாரிடம் கொடுத்தேன்.

*

லைலாவின் சனிக்கிழமை வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள் இருந்தார்கள். கடிதம் வந்த வாரம் பதினொரு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் ஆறு பேர். தாய்மார் போன் எடுத்து, பிள்ளைக்குக் காய்ச்சல், நீச்சல், பிறந்தநாள் என்றார்கள்.

என் மனைவி மரியம் பீவி குசினியில் வெங்காயம் உரித்தபடி விஷயத்தைச் சொன்னாள்.

“மருந்துக்கடையில ஏதோ மருந்து விஷயத்தில அம்பிட்டாளாம் எண்டு ஒரு கத. வெள்ளக்காரன் ஒருத்தனோட காரில கண்ட எண்டு இன்னொரு கத. மாப்பிள்ளை வீட்டார் அண்டைக்கு எதையோ மறைச்சிட்டாங்களாம் எண்டும் கத.”

“ஆர் சொன்ன?”

“ஆரும் சொல்லல்ல. எல்லாரும் கேக்கிறாங்க. காரணம் இல்லாம தள்ளுவாங்களா எண்டு கேக்கிறாங்க.”

அவள் கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“பக்கீர் முகைதீனுக்கும் இப்படித்தான் நடந்த.”

“அது வேற.”

“பண்டி இறைச்சி ஃபக்டரியில வேல செஞ்ச எண்டு ஊரெல்லாம் கதைச்சாங்க. அந்த மனிசன் டயர் ஃபக்டரியில வேல செஞ்ச. மகள்ட சம்பந்தம் குழம்பிப் போன. உங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. 1989 ஓகஸ்ட்டில் சங்கத்தின் முதல் தேர்தலில் பக்கீர் முகைதீனின் மனுவைத் தள்ளியது நான். அதற்குப் பிறகு அவர் கிரான்பர்னுக்கு வீடு மாறிப் போனார். வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு மட்டும் வந்து, பின்வரிசையில் இருந்து, சாப்பிட்டுவிட்டுப் போவார். எங்களுடைய வழக்கம் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி இருந்து உண்பது. அந்தப் பெரிய தட்டில் சோறும் இறைச்சியும் நடுவில் குவிந்திருக்கும், ஆறு கைகளும் அதில்தான். பக்கீர் முகைதீன் இருக்கும் சஹனில் நாலு பேருக்கு மேல் சேர்ந்து நான் கண்டதில்லை. கண்டும் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

*

ஹாஜியாரின் பலசரக்குக் கடைக்குப் போனேன். பாஸ்மதி அரிசிச் சாக்குகளுக்கு நடுவே அவர் கணக்குப் பார்க்கும் கதிரையிலிருந்து எழுந்து நின்றார். மரியாதை தெரிந்த மனிதர்.

“வாங்க காக்கா. நீங்க வருவீங்க எண்டு தெரியும்.”

“லைலாட மனுவைத் தள்ளின காரணம் எனக்கு வேணும்.”

“ஏழாம் பிரிவு” என்று புன்னகைத்தார். “நீங்கதானே எழுதின.”

“நான் எழுதின எனக்கு ஞாபகம் இருக்கு. காரணத்தச் சொல்லுங்க.”

அவர் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “விளங்குது காக்கா. நீங்க வந்து கேட்டீங்க எண்டு நான் எல்லாருக்கிட்டயும் சொல்லுவன். கோவமா வந்தாரு எண்டும் சொல்லுவன். வீட்டில போய், ஹாஜியார் விடல்ல எண்டு சொல்லுங்க. பழி என்ட தலையில கிடக்கட்டும்.”

அவர் பேசியது எனக்கு விளங்கவில்லை. என்னை ஒரு நடிகனைப் போல நடத்துகிறார் என்பது மட்டும் விளங்கியது. ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்தார். அதை மேசையில் திருப்பி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

சபையின் மற்ற இருவரையும் கேட்டேன். உதுமாலெப்பை, “ஹாஜியாருக்கு ஏதோ தெரியும் போல, நான் கேக்கல்ல” என்றார். மௌலவி, “மூத்தவங்க ரெண்டு பேரும் ஒரு முடிவோட வந்தாங்க, நான் தடுக்கல்ல” என்றார். மூவர் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். காரணம் ஒருவருடைய வாயிலிருந்தும் வரவில்லை. எட்டு வருடத்துக்கு முன்பு நான் தலைவனாக இருந்தபோது இதே உதுமாலெப்பை என்னிடமும் எதுவும் கேட்கவில்லை. அதை நான் என் மீதுள்ள மரியாதை என்று நினைத்திருந்தேன்.

*

எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் ஹூஷங் என்ற ஈரானியர் இருந்தார். ஷீராஸில் மாகாண ஆளுநர் அலுவலகத்தில் தேர்தல் வேலைகள் பார்த்தவர், இங்கே தச்சு வேலை. ஒரே தொழிலில் இருந்தவர்கள் என்பதால் வேலியோரம் நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். அந்த 1997 மே மாதம் அவர்கள் நாட்டில் ஜனாதிபதித் தேர்தல். அவர் வானொலியைக் கொட்டிலில் வைத்து, பலகை சீவியபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“எத்தனை பேர் போட்டி?” என்று கேட்டேன்.

“பெயர் கொடுத்தவர்கள் இருநூறுக்கு மேல். பட்டியலில் நால்வர்.”

“மற்றவர்களுக்குக் காரணம் சொன்னார்களா?”

ஹூஷங் சீவுளியை வைத்தார். “நீங்கள் தேர்தல் அதிகாரியாக இருந்தவர். அதனால்தான் இப்படிக் கேட்கிறீர்கள்.”

நான் என் மகளின் கதையைச் சொன்னேன். எங்கள் யாப்பு எந்த யாப்பைப் பார்த்து எழுதப்பட்டது என்பதையும் சொன்னேன். அவர் நீண்ட நேரம் சிரித்தார். அவமதிப்பாகச் சிரிக்கவில்லை, இருமல் வந்ததுபோல நிறுத்த முடியாமல் சிரித்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பைன் பலகை ஒன்றில் பெட்டிகள் வரைந்தார்.

“இது மக்கள். இவர்கள் பாராளுமன்றத்தைத் தெரிவு செய்கிறார்கள், ஜனாதிபதியைத் தெரிவு செய்கிறார்கள். அது பொய்யில்லை. எங்களிடம் வாக்காளர் பட்டியல் கிடையாது, தெரியுமா? அடையாளப் புத்தகத்தைக் கொண்டு வந்தால் முத்திரை குத்திச் சீட்டைக் கொடுப்போம். என் தாயின் புத்தகத்தில் ஒரு முத்திரையும் தவறியதில்லை. விடியவே போய் வரிசையில் நிற்பார்.”

“பிறகு?”

“இது காவலர் சபை. பன்னிரண்டு பேர். ஆறு பேர் மார்க்க அறிஞர்கள், உயர் தலைவர் நியமிப்பவர்கள். ஆறு பேர் சட்டத்தரணிகள், நீதித்துறைத் தலைவர் பெயர் கொடுக்க, பாராளுமன்றம் தெரிவு செய்கிறது. நீதித்துறைத் தலைவரை நியமிப்பது யார்? உயர் தலைவர். பாராளுமன்றம் எந்தச் சட்டம் செய்தாலும் இந்தச் சபை பார்க்க வேண்டும். யார் போட்டியிடலாம் என்பதையும் இந்தச் சபைதான் பார்க்கிறது.”

“உயர் தலைவரைத் தெரிவு செய்வது யார்?”

“நிபுணர் மன்றம். அவர்களையும் மக்கள்தான் வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள்.”

“அப்படியானால் நல்லதுதானே.”

“விரலை வைத்துப் பாருங்கள்” என்றார். “அந்த மன்றத்துக்கு யார் போட்டியிடலாம் என்று சொல்வது யார்?”

நான் அம்புக்குறிகளின் வழியே விரலை நகர்த்தினேன். மன்றத்திலிருந்து தலைவர். தலைவரிலிருந்து காவலர் சபை. சபையிலிருந்து திரும்பவும் மன்றம். விரல் புறப்பட்ட இடத்திலேயே வந்து நின்றது.

“என் தாயின் வாக்கு உண்மையானது. ஆனால் அவர் விடியக் காலையில் எழும்ப முன்பே பட்டியல் முடிந்துவிடும்” என்றார் ஹூஷங். “உங்களுடைய சங்கத்தையும் வரையட்டுமா?”

“வேண்டாம். அதை நானே வரைவேன்.”

உள்ளே போய் வரைந்தேன். நான் எழுதிய யாப்பில் சபையின் மூவரை மூத்த உறுப்பினர்கள் தெரிவு செய்ய வேண்டும். யார் மூத்த உறுப்பினர் என்பதைச் சபை தீர்மானிக்கும். யாப்பைத் திருத்தும் பிரேரணை எதுவும் பொதுக்கூட்டத்துக்கு வருமுன் சபையின் சம்மதம் பெற வேண்டும். ஒரு ஓட்டைகூட விடாமல் எழுதியிருந்தேன். தேர்தல் வழக்குகளில் சட்டத்தரணிகள் ஓட்டை தேடுவதைப் பார்த்துப் பழகியவன் அல்லவா?

இரண்டு நாள் அந்தப் பன்னிரண்டு பக்க யாப்பைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒன்பதாம் பிரிவில் ஒரு வாக்கியம் இருந்தது. ‘சபையின் ஸ்தாபகத் தலைவர் பொதுக்கூட்டத்தில் தேர்தலுக்கு முன் உரையாற்றலாம். அவரது உரைக்கு நேர வரையறை இல்லை.’ மற்றவர்களுக்கு மூன்று நிமிடம். இதை நான் எனக்காகவே எழுதிக்கொண்டேன். ஒவ்வொரு வருடமும் அந்த நேரத்தில் ஒற்றுமை பற்றிப் பேசுவேன், ஆட்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அதோடு இன்னொன்றும் கண்ணில் பட்டது. சபை காரணம் சொல்லத் தேவையில்லை என்றுதான் எழுதியிருந்தேன். சொல்லக் கூடாது என்று எங்கும் எழுதவில்லை.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது லைலாவிடம், “உன்ட பேரை எடுக்காத. மனு அப்படியே இருக்கட்டும்” என்றேன்.

“வாப்பா, எனக்காக ஆருக்கிட்டயும் கெஞ்ச வேணாம்.”

“நான் கெஞ்சிப் பார்த்திருக்கியா?”

“இல்ல. அதான் பயமா இருக்கு” என்றாள். “நான் கிளாஸ விட்டிர்றன். பிரச்சினை முடிஞ்சிரும்.”

“நீ விட்டா அவங்க கதைக்கிறது உண்மையாப் போயிரும். ஆறு பிள்ளை வந்தாலும் படிப்பி. ஒரு பிள்ளை வந்தாலும் படிப்பி.”

“கூட்டத்தில என்ன சொல்லப் போறீங்க?”

“காரணம்.”

“அவங்கட காரணம் உங்களுக்குத் தெரியாதே.”

“என்ட காரணம் தெரியும்” என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. நான் விளக்கவும் இல்லை.

மே மாதம் இருபத்து நான்காம் திகதி ஹூஷங் வேலிக்கு மேலால் ஒரு தட்டு இனிப்பு நீட்டினார். நால்வரில் மேலிடத்தார் விரும்பியதாக எல்லோரும் சொன்ன மனிதர் தோற்றுவிட்டாராம். “நால்வரை மட்டும் விட்டார்கள். அந்த நால்வருக்குள்ளேயே மக்கள் தங்கள் பேச்சைப் பேசிவிட்டார்கள்” என்றார். இனிப்பை வாங்கிக்கொண்டேன். வைத்தியர் கூடாது என்று சொல்லியிருந்தும் இரண்டு சாப்பிட்டேன்.

*

ஜூன் முதல் ஞாயிறு பொதுக்கூட்டம். மண்டபத்தின் முன்பகுதியில் ஆண்கள், பின்னால் இடப்பக்கம் பெண்கள். பக்கத்து அறையில் சமையல்காரர்கள் சஹன்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள், நெய்ச்சோற்று வாசம் வந்துகொண்டிருந்தது. பக்கீர் முகைதீன் வழக்கம்போலக் கடைசி வரிசையில் இருந்தார். தாடி முழுதாக நரைத்துவிட்டது. அவரை நான் நேராகப் பார்த்துப் பல வருடமாகியிருந்தது.

ஸ்தாபகத் தலைவரின் உரை என்று அறிவித்தார்கள். எழுந்து போனேன். கோட்டுப் பொத்தானைப் பூட்டினேன்.

“இண்டைக்கு ஒற்றுமையப் பத்திப் பேச மாட்டன்” என்றேன். “எண்பத்தொன்பதில சகோதரர் பக்கீர் முகைதீன்ட மனுவ நான் தள்ளின. காரணம் சொல்லல்ல. இப்ப சொல்றன்.”

மண்டபத்தில் கதிரைகள் அசையும் ஓசை நின்றது.

“அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு நான் கொழும்புப் பெரிய பள்ளியில பிறை கண்ட செய்தி போனில வரும் வரைக்கும் காத்துக்கொண்டிருந்த. செய்தி வரல்ல. அதனால சனிக்கிழம எங்கட வீட்டில எல்லாரும் நோன்பு. இருவது பேர் இருந்தாங்க. பகல் மூணு மணிக்கு பக்கீர் முகைதீன் வட்டலப்பத்தோட வந்தாரு. இஞ்ச பிறை கண்டாச்சு, நான் பெருநாள் தொழுதிட்டு வாறன் எண்டாரு. நான் கோவிச்ச. அப்ப அவர் சொன்னாரு: கொழும்பில பிறை கண்டா கொழும்புக்குப் பெருநாள், நாம இருக்கிற மெல்பேர்னில அல்லவா காக்கா எண்டு. இருவது பேரும் சிரிச்சாங்க.”

இப்போதும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

“அவ்வளவுதான். அவர் பண்டி இறைச்சி தொட்ட ஆளில்ல. குடிச்ச ஆளில்ல. என்ட வீட்டில, என்ட விருந்தாளிகள என்னைப் பார்த்துச் சிரிக்க வெச்சிட்டாரு. மூணு மாசம் கழிச்சு அவர்ட மனு என்ட கையில வந்த. காரணம் சொல்லத் தேவையில்ல எண்டு நானே எழுதி வெச்ச படியால், இந்தக் காரணத்த எனக்கு நானே கூடச் சொல்லிக்கொள்ளல்ல. ஒழுக்கம் சரியில்ல எண்டு நினைச்சிக்கொண்ட.”

முன்வரிசையின் பக்கம் திரும்பினேன்.

“காரணம் இல்லாத இடத்தில ஊரு ஒரு காரணத்த வெச்சிரும். அந்த மனிசனுக்கு அத வெச்சீங்க. இப்ப என்ட மகளுக்கு வெக்கிறீங்க. யாப்பில காரணம் சொல்லத் தேவையில்ல எண்டு இருக்கு. சொல்லக் கூடாது எண்டு இல்ல. என்ட காரணத்த நான் சொல்லிட்டன். சபையில மூணு பேரும் முன்வரிசையில இருக்காங்க. அவங்கட காரணத்தச் சொல்லட்டும். லைலா செஞ்ச பிழைய இவ்வளவு பேருக்கும் முன்னால சொல்லட்டும். என்ட உரைக்கு நேரக் கட்டுப்பாடு இல்ல. சொல்லும் வரைக்கும் நான் இஞ்சதான் நிப்பன்.”

சொல்லிவிட்டு நின்றேன். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. சமையல்காரர் ஒருவர் கதவால் எட்டிப் பார்த்து, சோறு ஆறப்போகிறது என்று கையால் காட்டினார். யாரும் அசையவில்லை.

ஹாஜியார்தான் எழுந்தார். முகம் வியர்த்திருந்தது.

“காக்கா, இத இப்படிச் சபையில சொல்ல வைக்கிறீங்க. பிள்ள ஒரு பிழையும் செய்யல்ல. தங்கமான பிள்ள. உங்களுக்காகத்தான் தள்ளின.”

“எனக்காகவா?”

“போன வருஷம் என்ட கடையில வெச்சு நீங்கதானே சொன்னீங்க. உள்ளூராட்சித் தேர்தலுக்கு நிண்ட ஒரு பொம்புளட படம் கண்ணாடியில ஒட்டியிருந்த. அதப் பார்த்திட்டு, எங்கட குடும்பத்தில பொம்புளப் புள்ளட பேரச் சுவரில ஒட்டுற வழக்கமில்ல எண்டீங்க. லைலாட மனு வந்தோடன, இவருக்கு வீட்டில தடுக்க ஏலாம இருக்கும், நாம தடுத்தா அவர்ட மரியாதயக் காப்பாத்தலாம் எண்டு நினைச்ச. நீங்க கடைக்குக் கோவமா வந்த நேரமும், மகளுக்காக நடிக்கிறீங்க எண்டுதான் நினைச்ச.”

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. அது மரியம் பீவியின் குரல் என்று எனக்குத் தெரியும்.

நான் அப்படிச் சொன்னது உண்மை. நன்றாக ஞாபகம் வந்தது. சொல்லும்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. என் மரியாதையைக் காப்பாற்றவென்று ஒரு நல்ல மனிதரும், அவரிடம் எதுவும் கேட்காத இருவரும் என் மகளின் பெயரை ஊர்வாயில் போட்டுவிட்டார்கள். ஒருவர் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். கேட்க வேண்டாத ஒழுங்கை நானே செய்து வைத்திருந்தேன்.

“சொன்னன்” என்றேன். “அது பிழை. என்ட மகள்ட பேர ஒட்டுங்க. எழுத்து பெரிசா இருக்கட்டும்.”

மௌலவி எழுந்தார். “சபையில மூணு பேரும் இருக்கம். மனுவ இப்பவே ஏத்துக்கலாம். ஏழாம் பிரிவத் திருத்தவும் நான் சம்மதம். தள்ளினா காரணத்த எழுதிக் கையில கொடுக்க வேணும்.” உதுமாலெப்பை கையைத் தூக்கினார். ஹாஜியார் நெற்றியைத் துடைத்துக்கொண்டே தூக்கினார். திருத்தம் கைதூக்கலில் நிறைவேறியது.

லைலாவின் பெயரை வாக்குச்சீட்டில் கையால் எழுதிச் சேர்த்தார்கள். அவள் ஐந்து வாக்குகளால் தோற்றாள். வெற்றி பெற்ற பொறியியலாளர் பொடியன் அவளிடம் போய், சனிக்கிழமை வகுப்பைத் தொடர்ந்து நடத்தித் தரும்படி கேட்டான். அவள் ஓம் என்று தலையசைத்தாள். நானே பக்கத்தில் நின்று சீட்டுகளை இரண்டு தரம் எண்ணச் செய்தேன். ஐந்துதான். எண்ணி அறிவித்த தோல்வியில் எங்கள் குடும்பத்துக்கு எந்தக் குறையும் இல்லை.

*

சாப்பாட்டுக்குச் சஹன்களை வைத்தார்கள். முன்னால் ஹாஜியார் எனக்கு இடம் விட்டுக் காத்திருந்தார். நான் கடைசிச் சஹனுக்குப் போனேன். பக்கீர் முகைதீனோடு மூவர் இருந்தார்கள். இந்த வயதில் தரையில் உட்காருவது எனக்குச் சுலபமில்லை. யாரும் கைகொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. உட்கார்ந்தேன்.

பக்கீர் முகைதீன் என்னைப் பார்க்கவில்லை. சோற்றைப் பிரித்தபடி சொன்னார்.

“என்ட மகளுக்கு இப்ப ரெண்டு பிள்ள. வேற இடத்தில கட்டிக் கொடுத்த. நல்லா இருக்கா.”

“அல்ஹம்துலில்லாஹ்.”

“நீங்க இண்டைக்குப் பேசின நல்லம். ஆனா பேச்சு காத்தோட போயிரும் காக்கா. உங்கட மகள் கேட்டாளாமே, எழுத்தில. எனக்கும் எழுத்தில வேணும்.”

“தாறன்.”

“இப்ப சாப்பிடுங்க.”

நாலு நாள் எடுத்து எழுதினேன். திணைக்களத்து முறைப்படி இலக்கம், திகதி, விடயம் எல்லாம் போட்டேன். விடயம்: ‘1989ஆம் ஆண்டு வேட்புமனு நிராகரிப்புக்கான காரணம்.’ பதிவுத் தபாலில் அனுப்புவதுதான் முறை. ஆனால் லைலா கிரான்பர்னுக்கு வேலைக்குப் போகும்போது அவளுடன் காரில் போய் நேரே கொடுத்தேன். பக்கீர் முகைதீன் கதவைத் திறந்து, வாசலில் நின்றபடியே மூக்குக் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இதில ஒரு பிழை. ‘நோன்பின் கடைசி நாளன்று தாங்கள் என் வீட்டுக்கு வந்தபோது’ எண்டு எழுதியிருக்கீங்க.”

“ஓம். சனிக்கிழம.”

“அண்டைக்கு நோன்பில்ல. பெருநாள்.”

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவரும் கண்ணை எடுக்கவில்லை. காரில் லைலா என்ஜினை நிறுத்தாமல் காத்திருந்தாள். கொழும்பில் அந்த வருடம் ஞாயிறுதான் பெருநாள் என்று சொல்ல வாயெடுத்தேன். எட்டு வருடமாக அந்த ஒரு நாளை நான் விட்டுக் கொடுக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். கடிதத்தை அவருடைய வாசல் சுவரில் வைத்து, ‘நோன்பின் கடைசி நாளன்று’ என்பதை ஒற்றைக் கோட்டால் வெட்டி, மேலே ‘பெருநாளன்று’ என்று எழுதினேன். திருத்தத்தின் ஓரத்தில் முறைப்படி என் சுருக்கொப்பத்தை இட்டு, திகதி போட்டு, அவர் கையில் கொடுத்தேன்.